நாவிலும் தராசிலும் உண்மை



ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வருகிற கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். ஆனால் உண்மை ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் வேதாகமம் இருக்கும், பக்கத்துக் காம்பராவில் முருகன் படம் இருக்கும். அரிச்சந்திரன் கதை கேட்டு வளர்ந்தவர்களும் நம் பிள்ளைகள்தான். ஆகையால் எல்லோரும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

நேர்மை என்றதும் "பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே" என்று நினைக்கிறோம். வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தால் அது வாயோடு மட்டும் நிற்கவில்லை. தராசைப் பற்றிப் பேசுகிறது. கூலியைப் பற்றிப் பேசுகிறது. சாட்சி சொல்வதைப் பற்றியும், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும் பேசுகிறது. இவை எல்லாம் நம் தோட்டத்தில் தினமும் நடக்கிற காரியங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தராசுக்கு முன்னால்

பழைய இஸ்ரவேல் நாட்டில் வியாபாரிகள் எடைக் கற்களை ஒரு பையில் போட்டுக் கொண்டு போவார்கள். வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சின்னக் கல் என்று இரண்டு வகை வைத்திருந்தவர்கள் உண்டு. உபாகமம் 25ஆம் அதிகாரம் அப்படி இரண்டு வகைக் கல்லைப் பையில் வைத்திருப்பதையே தடை செய்கிறது. பாவித்தால்தான் குற்றம் என்றில்லை, வைத்திருந்தாலே குற்றம்.

கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி, கள்ளத் தராசால் ஏழைகளை ஏமாற்றிய வியாபாரிகளைக் கண்டித்தார். அந்த ஆமோஸ் அரண்மனையில் வளர்ந்தவர் அல்ல. ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். நம்மைப் போல மண்ணில் கால் வைத்து வேலை செய்தவர்.

இப்போது கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வருவோம். சாக்கின் எடைக்கும், மழை நாளில் ஈரத்துக்கும் கழிப்பது நியாயம். ஆனால் எவ்வளவு கழிக்கிறோம் என்று வாயால் சொல்லிக் கழிக்க வேண்டும். சொல்லாமல் ஒரு நிறுவைக்கு அரைக் கிலோ கூடுதலாக வெட்டினால், மூன்று நிறுவைக்கு ஒன்றரைக் கிலோ. 20 நாள் வேலையில் 30 கிலோ. ஏறத்தாழ நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்தில்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு தாயின் ஒரு மாத உழைப்பிலிருந்து 6 கிலோவுக்குக் குறையாத தேயிலை கணக்கில் வராமல் போகிறது. "அரைக் கிலோதானே" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வயலில் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூக்குரல் கடவுளின் காதுக்குப் போகும் என்று யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

அதே தராசுக்கு மறுபக்கமும் உண்டு. சாக்கில் தண்ணீர் தெளிப்பது, அடியில் முத்தின இலையைத் திணிப்பது, இதுவும் கள்ளத் தராசுதான். "அவங்க வெட்டுறாங்க, அதனால நாங்க கூட்டுறோம்" என்று சிலர் நியாயம் சொல்கிறார்கள். இரண்டு கோணல் சேர்ந்து ஒரு நேர் ஆகாது. அதை விடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. நம் சாக்கில் ஒரு முறை தண்ணீர் பிடிபட்டால், பிறகு நாம் உண்மையாக முறையிடும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள். நேர்மையான வழி, தராசு காட்டுகிற எண்ணை நாமே பார்ப்பது, கொப்பியில் குறித்து வைப்பது, வித்தியாசம் இருந்தால் அங்கேயே நாலு பேர் முன்னால் மரியாதையாகக் கேட்பது. கேட்கிறது சண்டை இல்லை. உண்மைக்குக் காவல் இருப்பது.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய காகிதம் அது. அந்தக் கடனைத் தீர்க்கச் சம்மதிக்கிற தோட்டத்துக்குத்தான் அவர் போக முடியும். எழுத வாசிக்கத் தெரியாத மனிதருக்கு அதில் எழுதியிருந்த தொகை சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? 1921ஆம் ஆண்டு சட்டத்தால் அந்த முறை ஒழிந்தது. கணக்கில் உண்மை இல்லாவிட்டால் மனிதர் அடிமைப்படுவார் என்பதற்கு நம் சொந்தச் சரித்திரமே சாட்சி. ஆகவே இன்று கையில் கிடைக்கிற சம்பளத் துண்டை வாசித்துப் பார்க்காமல் மடித்து வைக்காதீர்கள்.

2. "ஒரு கையெழுத்துதானே"

பொய்ச் சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. கத்தோலிக்கர் எண்ணும் முறையில் அது எட்டாவது, மற்றச் சபைகளில் பெரும்பாலும் ஒன்பதாவது. எண் மாறினாலும் கட்டளை ஒன்றே.

பொய்ச் சாட்சி என்ன செய்யும் என்பதற்கு நாபோத் கதை போதும். நாபோத்துக்கு அரண்மனை அருகே ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆகாப் ராஜா அதைக் கேட்டான். முன்னோர் விட்டுப் போன நிலம், தர மாட்டேன் என்றார் நாபோத். ராணி யேசபேல் இரண்டு பேரைப் பிடித்துப் பொய்ச் சாட்சி சொல்ல வைத்தாள். நாபோத்தைக் கல்லால் எறிந்து கொன்றார்கள். நிலம் ராஜாவுக்குப் போனது. சாட்சி சொன்ன இரண்டு பேருக்கும் நாபோத்தோடு பகை இருந்ததாக வேதாகமம் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னார்கள்.

நம் இடத்திலும் அப்படித்தான் கேட்பார்கள். ஒருவர் இறந்து போவார். அவருடைய ஊழியர் சேமலாப நிதியை எடுக்க வேண்டும். முதல் தாரத்துப் பிள்ளை ஒன்று வேறு தோட்டத்தில் பாட்டியோடு இருக்கும். அந்தப் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டுக் கடிதம் எழுதி, "ஐயா, ஒரு கையெழுத்துதானே" என்று நலன்புரி உத்தியோகத்தர்களாகிய எங்களிடமும் வருவார்கள். அயல் வீட்டாரிடமும் போவார்கள். கேட்பவர் தெரிந்தவர், கஷ்டப்பட்டவர், மறுக்க மனம் வராது. ஆனால் அந்தக் கையெழுத்து ஒரு பிள்ளையின் சோற்றில் கை வைக்கிறது. மறுக்க வேண்டியதுதான். மறுத்துவிட்டு அப்படியே விடாமல், எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துச் சரியாக விண்ணப்பிக்க உதவி செய்ய வேண்டும். அதுதான் உண்மையும் உதவியும் சேர்ந்த வழி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிழை வேறு, பொய் வேறு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று பலருக்கு இருக்கிறது. எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியதால் வந்த பிழை அது. அதற்காக வெட்கப்படத் தேவையில்லை, மறைக்கவும் வேண்டாம். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சத்தியக் கடதாசியிலேயே பொய்யை எழுதினால் அது சட்டத்துக்கு முன்னும் குற்றம், கடவுளுக்கு முன்னும் குற்றம். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசும்படி இயேசு மலைப் பிரசங்கத்தில் போதித்தார். சத்தியம் செய்தால் மட்டும் உண்மை, மற்ற நேரத்தில் எப்படியும் பேசலாம் என்கிற பழக்கத்தை அவர் ஏற்கவில்லை.

3. வாசல்படியில்

கடைக்காரர் பாக்கி கேட்டு லயத்துக்கு வருகிறார். உள்ளே இருக்கிற தகப்பன் பிள்ளையிடம், "அப்பா இல்லன்னு சொல்லு" என்கிறார். பிள்ளை வாசலில் நின்று சொல்கிறது. கடைக்காரருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். அன்று மிச்சமானது ஒன்றுமில்லை. கற்றுக் கொடுத்தது மட்டும் பெரிய பாடம். கஷ்டம் வந்தால் பொய்க்குப் பின்னால் ஒளியலாம் என்று அந்தப் பிள்ளை படித்துக் கொண்டது. நாளைக்கு ஸ்கூலுக்குப் போகாமல் ஆற்றோரம் திரிந்துவிட்டு "போனேன்" என்று சொன்னால் அடிக்கப் போகிறோமா?

அதற்குப் பதிலாக வாசலுக்கு வந்து, "இந்த மாசம் முடியல, அடுத்த சம்பளத்துல இவ்வளவு தாரேன்" என்று சொல்வது கஷ்டம்தான். சொன்ன தொகையைச் சொன்ன நாளில் கொடுப்பது இன்னும் கஷ்டம். ஆனால் அதைச் செய்கிறவருக்குத்தான் நாளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி என்றால் கடை திறந்திருக்கும்.

4. அனனியாவும் சப்பீராளும்

அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள். நிலத்தை விற்றார்கள். பணத்தில் ஒரு பங்கை வைத்துக் கொண்டு, மிச்சத்தைச் சபைக்குக் கொண்டு வந்து, இவ்வளவுதான் முழுத் தொகை என்று காட்டினார்கள். பேதுரு அவர்களிடம் சொன்னதன் கருத்து முக்கியமானது. நிலம் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையது, யாரும் வற்புறுத்தவில்லை. கொஞ்சம் வைத்துக் கொண்டது குற்றமல்ல. முழுவதும் கொடுத்தது போல் நடித்ததுதான் குற்றம்.

இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஆறுதல், நம் வீட்டு விஷயம் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "அது எங்க வீட்டு விஷயம்" என்று சொல்வது பொய் ஆகாது. எச்சரிக்கை, நல்லவர் என்று பேர் எடுப்பதற்காகக் காட்டுகிற பொய்க் கணக்கு சபையையும் சங்கத்தையும் அரிக்கும். மரண உதவிச் சங்கத்தின் பணத்தை வைத்திருப்பவர் அவசரத்துக்கு அதில் எடுத்துவிட்டு, கூட்டத்தில் "எல்லாம் சரியா இருக்கு" என்கிறார் என்று வையுங்கள். அடுத்த நாள் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்குப் பணம் எங்கே? அதனால்தான் இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒரு முறை எல்லோர் முன்னும் கணக்கு வாசிப்பு என்று வைத்துக் கொள்ளச் சொல்கிறோம். அது நேர்மையானவரைச் சந்தேகிப்பது அல்ல, அவருக்குப் பாதுகாப்பு.

5. உண்மையா, அன்பா?

"உள்ளதைத்தானே சொன்னேன்" என்று பீலிக்கரையில் அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. நடந்தது உண்மையாகவே இருக்கட்டும். அதை அங்கே சொன்னதால் யாருக்கு நன்மை? எபேசியருக்கு எழுதின நிருபத்தில் பவுல் உண்மையை அன்போடு சேர்த்தே பேசச் சொல்கிறார். அன்பில்லாத உண்மை கவ்வாத்துக் கத்தியைக் குழந்தை கையில் கொடுத்தது போல.

அப்படியானால் அன்புக்காகப் பொய் சொல்லலாமா? 1983 ஜூலைக் கலவரத்தில் எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் தமிழர்களை வீட்டுக்குள் மறைத்து வைத்து, தேடி வந்த கும்பலிடம் "இங்கே யாரும் இல்லை" என்று சொல்லி உயிர் காத்தார்கள். வேதாகமத்திலும் எகிப்தில் இருந்த மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் எபிரெயக் குழந்தைகளைக் கொல்லாமல் காத்து, ராஜாவிடம் வேறு காரணம் சொன்னார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று யாத்திராகமம் சொல்கிறது. எந்தப் பொய்யும் கூடாது என்று பழைய காலத்துப் பெரியவர் புனித அகுஸ்தீன் எழுதினார். வேறு விதமாக நினைத்த கிறிஸ்தவர்களும் உண்டு. அந்த வாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் எல்லோரும் அறிவோம். அந்தச் சிங்களத் தாய் தன் உயிரைப் பணயம் வைத்து அடுத்தவரைக் காத்தாள். நாம் சாதாரணமாகச் சொல்லும் பொய் நம் முகத்தைக் காப்பாற்றத்தான். அவளுடைய பேரைச் சொல்லி நம் பொய்க்கு நியாயம் தேடக் கூடாது.

6. திரும்பும் வழி

"இவ்வளவு நாளா பொய்யோட வாழ்ந்தாச்சு, இனி என்ன செய்ய?" என்று கேட்கிறவருக்கு சகேயு பதில் சொல்வார். எரிகோவில் வரி வசூலித்துப் பணக்காரர் ஆனவர் அவர். இயேசு அவர் வீட்டுக்குப் போனார். சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றியவருக்கு நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். ஏமாற்றி எடுத்ததை ஒப்புக் கொண்டவர் முதலுடன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது லேவியராகமத்தின் சட்டம். அவர் அதற்கு மேலேயே போனார். மன்னிப்பு வாயில் தொடங்கலாம், கையில்தான் முடிய வேண்டும்.

நம்மால் நாலு மடங்கு முடியாது. மாதம் கொஞ்சமாக முடியும். சங்கத்துப் பணத்தை எடுத்தவர் தலைவரிடம் போய்ச் சொல்லித் தவணை போட்டுக் கொடுக்கலாம். பயத்தில் மூன்று முறை இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவும் பிறகு மந்தையை மேய்க்கும்படி அழைக்கப்பட்டார். ஆகவே பயந்து பொய் சொன்னவருக்குக் கதவு மூடப்படவில்லை. உண்மையைச் சொல்லித் திரும்பி வருகிறவரைக் கேலி செய்து அந்தக் கதவை நாம் மூடிவிடக் கூடாது.

வீட்டில் பேசிப் பார்க்க:

- இந்த மாதம் சம்பளத் துண்டை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசித்தோமா?
- பிள்ளைகளை வைத்து நாம் யாருக்காவது பொய் சொல்ல வைத்தோமா?
- யாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது இருக்கிறது? எந்த நாளில் தொடங்குவோம்?
- நம் வீட்டில் உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு அடி கிடைக்கிறதா, ஆதரவு கிடைக்கிறதா?

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இவற்றில் ஒரு கேள்வியையாவது எடுத்துப் பேசுங்கள். பதில் கசப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு வீட்டில் உண்மை பேசத் தொடங்கினால், நாளைக்கு அந்த லயமே கொஞ்சம் பயம் இல்லாமல் விடியும்.