காற்றுச் சர்க்யூட் பிரேக்கர்: நிறுவுதல், அளவமைத்தல், பராமரித்தல்

2019ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், எறணாகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. அன்று பெய்த பெருமழையால் கொச்சி மாநகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. இருப்புப்பாதையில் நீர் தேங்கியமையால் ரயில் போக்குவரத்து தடைப்பட்டது. கலூரிலுள்ள துணைமின் நிலையத்திலும் வெள்ளம் புகுந்தது. நகரின் பல பகுதிகளுக்கு மின்சாரம் நின்றது.

துணைமின் நிலையத்திலுள்ள உயர் அழுத்தச் சாதனங்கள் இக்கட்டுரையின் பொருள் அல்ல. ஆயினும் அந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம், அந்நிலையத்திலிருந்து மின்சாரம் பெறும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும், மருத்துவமனைக்கும், குளிர்பதனக் கிடங்குக்கும் பொருந்தும். இத்தகைய இடங்களில் 11,000 வோல்ட் மின்சாரம் டிரான்ஸ்பார்மரால் ஏறத்தாழ 415 வோல்ட்டுக்குக் குறைக்கப்படுகிறது. அதை அடுத்து, இரும்புப் பெட்டிக்குள் நிற்பதே காற்றுச் சர்க்யூட் பிரேக்கர். தொழிலாளர் இதனை 'ஏ.சி.பி.' என்பர்.

வெள்ளம் யாவர் கண்ணுக்கும் தெரிய வருகிறது. கடற்காற்றின் உப்பும், மழைக்கால ஈரமும், இறுகிப்போகும் மசகும் ஒருவரும் காணாமல் வருகின்றன. பல ஆண்டுகள் மூடிய நிலையிலேயே நின்று மின்சாரத்தைக் கடத்திவந்த ஒரு பிரேக்கர், தேவையான நொடியில் திறக்கும் என்பதற்கு அந்த ஆண்டுகள் சான்றாகா. திறந்து காட்டிய பிரேக்கரே நம்பத்தக்கது. இக்கருத்தை மனத்தில் இருத்தியே பின்வரும் பகுதிகளைக் கற்க வேண்டும்.

1. பிரேக்கர் தொழிற்படும் முறை

மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போது இரு தொடுமுனைகளைப் பிரித்தால், அவற்றிடையே மின்வில் தோன்றும். அதன் வெப்பம் உலோகத்தையே உருக்க வல்லது. எனவே பிரேக்கரில் இருவகைத் தொடுமுனைகள் அமைக்கப்படுகின்றன. முதன்மைத் தொடுமுனைகள் வெள்ளி கலந்த உலோகத்தால் ஆனவை. அன்றாட மின்னோட்டத்தைக் கடத்துவது இவற்றின் பணி. வில் தொடுமுனைகள் மூடும்போது முதலில் சேர்கின்றன; திறக்கும்போது கடைசியில் பிரிகின்றன. ஆகவே மின்வில்லின் தாக்குதலை இவையே ஏற்கின்றன.

தோன்றிய வில், தன் காந்தவிசையாலும் சூடான காற்றின் எழுச்சியாலும் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, வில் அறையினுள் நுழைகிறது. அங்கே வரிசையாக நிற்கும் இரும்புத் தகடுகள் அதனைப் பல சிறு விற்களாக வெட்டிக் குளிர்விக்கின்றன. இக்கொள்கையை 1920களில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஜோசப் ஸ்லெப்பியன் ஆராய்ந்து வளர்த்தார்.

மாறுதிசை மின்சாரத்தில், விநாடிக்கு 50 சுற்றுகள் எனில், மின்னோட்டம் 100 முறை சுழியைத் தொடுகிறது. அத்தருணத்தில் வில் தானே அவிகிறது. மீண்டும் பற்றாமல் காப்பதே வில் அறையின் வேலை. நேர்மின்சாரத்திலோ இத்தகைய சுழி இல்லை. 2017 அக்டோபர் 3 முதல் கலூர் வழியே ஓடும் கொச்சி மெட்ரோ ரயில், மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தைப் பெறுகிறது. இத்தகைய அமைப்பில், வில்லின் மின்னழுத்தம் வழங்கு மின்னழுத்தத்தையும் விஞ்சினாலன்றி மின்னோட்டம் ஒழியாது. எனவே மாறுதிசை மின்சாரத்துக்கென அமைந்த பிரேக்கரை நேர்மின்சாரத்தில் இணைப்பது ஒருபோதும் தகாது; தயாரிப்பாளர் அதற்கெனத் தகுதி குறித்திருந்தால் மட்டுமே செய்யலாம்.

2. நிறுவுதல்

இடத்தைத் தேர்வதே முதல் வேலை. கொச்சி போன்ற தாழ்நிலக் கடலோர ஊர்களில் ஸ்விட்ச்போர்டை நிலவறையில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். அவ்விடத்தில் இதுவரை நீர் ஏறிய மிக உயர்ந்த மட்டத்தைச் சுவர்க்கறையாலும் அக்கம்பக்கத்தார் நினைவாலும் அறிந்து, அதற்கு மேல் பீடம் அமைத்தல் வேண்டும். கேபிள் செல்லும் பள்ளங்கள் வெள்ளத்தை உள்ளே கொணரும் வாய்க்கால்களாகிவிடக்கூடும். அவற்றின் வாய்களை அடைத்துவைப்பது இன்றியமையாதது.

பெட்டியை நிறுத்தும்போது கவனிக்க வேண்டியவை:

(அ) தளம் மட்டமாக இருத்தல் வேண்டும். தளம் முறுகினால் பெட்டியும் முறுகும். பிரேக்கரை உள்ளே தள்ளும்போது விரல் தொடுமுனைகள் நேராகப் பொருந்தமாட்டா.

(ஆ) வில் அறைக்கு மேல் தயாரிப்பாளர் குறித்த வெற்றிடம் விடப்பட வேண்டும். திறக்கும் தருணத்தில் வெளிப்படும் சூடான வாயு மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது.

(இ) பஸ்பார்களின் எடை பிரேக்கரின் முனைகளில் தொங்கலாகாது. தனித் தாங்கிகள் வேண்டும். குறுக்குச் சுற்றின்போது பஸ்பார்களிடையே எழும் விசையையும் அத்தாங்கிகளே ஏற்க வேண்டும்.

(ஈ) இணைப்பு மரைகளை டார்க் ரெஞ்சினால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்ந்த மரை சூடாகும். அளவுக்கு மிஞ்சி இறுக்கிய மரை இழைந்து, பின்னர் தளரும். செம்பும் அலுமினியமும் சந்திக்கும் இடத்தில் ஈயம் பூசிய முனைகளுக்கு மாறாக வெள்ளீயம் பூசிய முனைகளையே பயன்படுத்த வேண்டும். ஈரம் பட்டால் வெறும் செம்பைத் தொடும் அலுமினியம் அரிக்கப்படும்.

(உ) பெட்டியினுள் சிறு வெப்பமூட்டி ஒன்று அமைந்து, பிரேக்கர் பயன்படாத நாட்களிலும் எரிதல் வேண்டும். உள்வெப்பம் வெளியைவிடச் சற்று மிகுந்திருந்தால் பனித்துளி படியாது.

நிறுவிய பின், மின்சாரம் கொடுக்குமுன், 1000 வோல்ட் மெக்கரால் மின்காப்பைச் சோதிக்க வேண்டும்: கட்டங்களுக்கிடையே, கட்டத்துக்கும் பூமிக்குமிடையே, திறந்த நிலையில் மேல்முனைக்கும் கீழ்முனைக்குமிடையே. மின்னணு டிரிப் சாதனத்தையும் நுண்ணிய மீட்டர்களையும் முன்னரே பிரித்துவிடுதல் வேண்டும்.

3. அளவமைத்தல்

டிரிப் சாதனத்தின் அளவுகள் மனம்போனபடி வைக்கத் தக்கன அல்ல. ஓர் எடுத்துக்காட்டு காண்க. 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், இரண்டாம் பக்கம் 433 வோல்ட், மின்மறுப்பு 5 சதவிகிதம் எனக் கொள்வோம்.

முழுச்சுமை மின்னோட்டம் = 10,00,000 ÷ (1.732 × 433) = ஏறத்தாழ 1333 ஆம்பியர்.

முனையிலேயே குறுக்குச் சுற்று நேர்ந்தால் = 1333 ÷ 0.05 = ஏறத்தாழ 26,700 ஆம்பியர்.

1600 ஆம்பியர் பிரேக்கரைத் தேர்ந்தால், அதன் முறிக்கும் திறன் 26,700 ஆம்பியருக்கு மிகுந்திருக்க வேண்டும். நெடுநேர அளவை 0.8 என வைத்தால் 1280 ஆம்பியர் ஆகும். டிரான்ஸ்பார்மர் அதிகச் சுமையிலிருந்து காக்கப்படும்.

அடுத்தது குறுநேர அளவு. இதே போர்டிலிருந்து 400 ஆம்பியர் கிளைப் பிரேக்கர் ஒன்று பம்புகளுக்குச் செல்கிறது. அது 4000 ஆம்பியரில் உடனே திறக்குமாறு வைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். முதன்மைப் பிரேக்கரின் குறுநேர அளவை 5 மடங்கு, அதாவது 6400 ஆம்பியர் என்றும், தாமதத்தை 0.3 விநாடி என்றும் வைக்கலாம். கிளையில் 10,000 ஆம்பியர் பழுது நேர்ந்தால், கிளைப் பிரேக்கர் ஒரு விநாடியின் நூற்றில் சில பங்குகளிலேயே திறந்துவிடும். முதன்மைப் பிரேக்கர் காத்திருந்து, திறவாமல் அமையும். பம்பு மட்டும் நிற்கும், கட்டடம் இருளாது.

முதன்மையின் உடனடி அளவை எவரேனும் 8000 ஆம்பியராகத் தாழ்த்திவைத்தால் நிலைமை மாறும். அதே பழுதில் இரு பிரேக்கர்களும் ஒருங்கே திறக்கக்கூடும். மருத்துவமனையில் அறுவைக்கூடத்து விளக்கும் பம்பின் பழுதால் அணையும். எனவே உடனடி அளவைத் தக்கவாறு உயர்த்தியோ நீக்கியோ வைப்பது வழக்கம். அவ்வாறு நீக்குமுன், 26,700 ஆம்பியரைத் தாமத நேரம் முழுதும் தாங்கும் வலிமை பிரேக்கருக்கும் பஸ்பாருக்கும் உண்டா எனத் தயாரிப்பாளர் குறிப்பில் சரிபார்த்தல் கட்டாயம்.

வைத்த அளவுகளை நாளுடனும் கையொப்பத்துடனும் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பது நன்று. பின்வரும் ஊழியர், திருகிகளின் நிலை மாறியுள்ளதா என்பதை ஒரே பார்வையில் அறிவார்.

தொடுமுனைகளின் அழுத்தம், மூன்று துருவங்களும் ஒருங்கே சேர்தல், வில் தொடுமுனை முந்திச் சேரும் இடைவெளி ஆகியவற்றைத் தயாரிப்பாளர் நூலின்படியே சரிசெய்ய வேண்டும். ஒரு வகைப் பிரேக்கரின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

4. பராமரித்தல்

கை வைக்குமுன் பின்வரும் வரிசை தவறலாகாது. எழுத்துமூல அனுமதி பெறுதல், பிரேக்கரைத் திறத்தல், அதனை வெளிநிலைக்கு இழுத்தல், கட்டுப்பாட்டு மின்சாரத்தையும், சுருள்வில்லை முறுக்கும் மோட்டாரின் மின்சாரத்தையும் நிறுத்துதல், பின்னர் மூடு பொத்தானையும் திற பொத்தானையும் முறையே அழுத்திச் சுருள்வில்களைத் தளர்த்துதல், பெட்டியினுள் மின்சாரம் உள்ள பகுதிகளை மறைப்பிட்டுப் பூட்டுதல். மின்சாரம் முற்றும் அகன்ற பிரேக்கரிலும் முறுக்கிய சுருள்வில் விரலை நசுக்கும் ஆற்றலைத் தேக்கிவைத்திருக்கிறது. அனுபவம் மிக்கவரும் மறக்கக்கூடியது இதுவே.

வில் அறையைக் கழற்றி, தகடுகளில் உருகிய உலோகமணிகள், கரி, விரிசல் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பழைய பிரேக்கர்களின் வில் அறைகளில் கல்நார் இருந்திருக்கலாம். ஐயம் உள்ளவிடத்து அழுத்தக் காற்றால் ஊதுவதும் உரசுவதும் கூடாது. அத்தூசு நுரையீரலுக்குக் கொடிய கேடு விளைப்பது.

வெள்ளித் தொடுமுனை கறுத்திருப்பதைக் கண்டவுடன் அரத்தை எடுக்கலாகாது. காயல் ஓரங்களில் தேங்காய் மட்டை ஊறும் இடங்களிலும் தேங்கிய சாக்கடைகளிலும் எழும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மெல்லிய படலத்தைத் தொடுமுனைகளின் அழுத்தமும் உராய்வும் பெரும்பாலும் அகற்றிவிடுகின்றன. அரமோ மீளாதபடி வெள்ளியையே அகற்றிவிடும். கண்ணால் முடிவு செய்யாமல் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

அளவிடும் முறை: மூடிய துருவத்தின் வழியே 100 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்தடையை மைக்ரோ-ஓமில் அளக்க வேண்டும். ஒரு துருவம் 20 மைக்ரோ-ஓம் எனில், 1280 ஆம்பியரில் அங்கே தோன்றும் வெப்பம் சுமார் 33 வாட். அது 100 மைக்ரோ-ஓமாக உயர்ந்தால் 164 வாட். பெட்டிக்குள் ஓயாமல் எரியும் இவ்வெப்பம் சுருள்வில்லின் விறைப்பையும் மின்காப்பையும் கெடுத்து, மசகைக் காய்ச்சி இறுக்குகிறது. மூன்று துருவங்களுள் ஒன்றின் மின்தடை, மிகக் குறைந்ததைவிடப் பாதிப் பங்குக்கு மேல் மிகுந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

இயக்கமுறையில் பழைய மசகைத் துடைத்தெடுத்த பின்னரே புதியதைச் சிறிதளவு இட வேண்டும். பழையதன்மேல் எண்ணெய் தெளிப்பது சில நாட்கள் இலகுவாக்கும். பின்னர் தூசியைச் சேர்த்துப் பசையாகும்.

முடிவில், பிரேக்கரை டெஸ்ட் நிலையில் வைத்துப் பலமுறை மூடித் திறக்க வேண்டும்; ரிலே மூலமும் திறக்கச் செய்து பார்க்க வேண்டும். டிரிப் சாதனத்துக்கு மட்டும் சிறு மின்னோட்டம் கொடுக்கும் சோதனை அச்சாதனத்தையே மெய்ப்பிக்கும். முதன்மைச் சுற்றில் பெருமின்னோட்டம் செலுத்தும் சோதனையே, மின்னோட்ட டிரான்ஸ்பார்மர் முதல் தொடுமுனை வரை முழுச் சங்கிலியையும் மெய்ப்பிக்கும். கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை பொதுவாக ஜூன் தொடக்கத்தில் எழுகிறது. ஆண்டுப் பராமரிப்பை ஏப்ரல், மே மாதங்களில் முடித்துவிடுவது நன்று.

5. பழுதுக்குப் பின்னும் வெள்ளத்துக்குப் பின்னும்

குறுக்குச் சுற்றினால் திறந்த பிரேக்கரை, காரணம் அறியாமலும் உள்ளே பாராமலும் மீண்டும் மூடுதல் பிழை. முதல் முறை காத்த தொடுமுனை இரண்டாம் முறை பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

நீரில் மூழ்கிய பிரேக்கரை, வெளியே உலர்ந்துவிட்டது என்று மின்சாரம் கொடுக்கலாகாது. வெள்ளநீர் சேறும் உப்பும் சாக்கடையும் கலந்தது. மின்னணு டிரிப் சாதனத்தையும் வார்ப்புப் பெட்டியில் மூடிய சிறு பிரேக்கர்களையும் மாற்றிவிட வேண்டும். பெரிய காற்றுப் பிரேக்கரைத் தயாரிப்பாளரோ அவரிடம் பயின்றவரோ முழுவதும் பிரித்துக் கழுவி, உலர்த்தி, எல்லாச் சோதனைகளையும் செய்த பின்னரே மீண்டும் பயன்படுத்தலாம். வெள்ளநாளில் மின்சாரத்தை விரைவில் மீட்கவேண்டும் என்ற நெருக்குதல் பெரிது. ஆயினும் உலராத மின்காப்பு ஊழியரின் உயிரை விலையாகக் கேட்கும்.

பயிற்சி வினாக்கள்

1. வில் தொடுமுனை கடைசியில் பிரிவது ஏன்? அது முதன்மைத் தொடுமுனைக்கு முன் பிரியுமாறு தவறாகச் சரிசெய்தால் என்ன நேரும்?

2. 500 கே.வி.ஏ., 433 வோல்ட், 4 சதவிகித மின்மறுப்புள்ள டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமை மின்னோட்டத்தையும் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தையும் கணக்கிடுக. (விடை: ஏறத்தாழ 667 ஆம்பியர், 16,700 ஆம்பியர்.)

3. மூன்று துருவங்களின் மின்தடை 22, 24, 41 மைக்ரோ-ஓம். எத்துருவத்தை ஆராய வேண்டும்? காரணம் கூறுக.

4. தம் பள்ளி அல்லது பணியிடத்து ஸ்விட்ச்போர்டு தரைமட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது, அவ்வூரில் நீர் ஏறிய மிக உயர்ந்த மட்டம் எது என்பவற்றை மாணவர் கேட்டறிந்து, பெட்டியைத் திறவாமல் வெளியிலிருந்தே அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதுக.