சம்பளம் குறையும்போது எது குறைகிறது?

கொழும்பு பேஸ்லைன் வீதியின் இரு பக்க ஒழுங்கைகளிலும் ஒரு பேச்சு தலைமுறைகளாக ஊறிக் கிடக்கிறது. கிடைத்த வேலையை விடாதே. அதிலும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போகவே போகாதே. தெமட்டகொடை ரயில் எஞ்சின் ஷெட்டிலும் மருதானைப் பக்கத்து அரசாங்கக் கந்தோர்களிலும் இளவயதில் சேர்ந்து, ஓய்வூதியத்தோடு வெளியே வந்தவர்களைப் பார்த்து வளர்ந்த இடம் இது. அந்தப் பேச்சுக்கு நியாயம் உண்டு. ஆனால் கணக்கு வேலையை விட்டு மென்பொருள் பக்கம் போக, வங்கிக் கவுன்டரை விட்டு ஆசிரியராக நினைக்கிற முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அதே பேச்சைச் சொல்லும்போது சரியும் பிழையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

“ஒரு லட்சம் குறைந்தால் வீட்டுக்கு ஒரு லட்சம் நட்டம்.”

சம்பளச் சீட்டை மேசையில் விரித்து வரி வரியாகப் பாருங்கள். மாதம் 250,000 ரூபா வாங்குகிறவரிடம், முழுத் தொகைக்கும் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், ஈபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போகும்: 20,000 ரூபா. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரை வருமான வரி கிடையாது. அதற்கு மேல் முதல் 83,333 ரூபாவுக்கு 6 சதவீதம், அடுத்த 41,667 ரூபாவுக்கு 18 சதவீதம் என்று ஏறுகிறது. இவருக்கு வரி ஏறக்குறைய 8,000. கைக்கு வருவது 222,000. புதிய இடத்தில் 150,000 என்றால் வரியே இல்லை. சேமலாப நிதிக்கு 12,000 போக 138,000 வரும். வீட்டுச் செலவில் விழும் துண்டு 84,000 ரூபாதான்.

ஆனால் இதோடு நிம்மதியடைந்துவிடக் கூடாது. முதலாளி தன் பங்காக சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் போடவேண்டும். உங்கள் 8 சதவீதத்தையும் சேர்த்தால் பழைய வேலையில் மாதம் 57,500 ரூபா உங்கள் பெயரில் சேர்ந்துகொண்டிருந்தது. இனி 34,500. வீட்டில் யாருக்கும் தெரியாத இந்த 23,000 ரூபாப் பள்ளம் ஓய்வுபெறும் வயதில்தான் தெரியவரும். புதிய நியமனக் கடிதத்தில் சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டப்படும் என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மிச்சத்தைப் பல பெயர்களில் கொடுக்கிற இடமென்றால் பள்ளம் இன்னும் ஆழம்.

“விலகினால் ஈபிஎஃப் காசை எடுத்துச் சமாளிக்கலாம்.”

எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆகவேண்டும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள், ஓய்வூதியமுள்ள அரச சேவையில் சேர்கிறவர்கள், நிரந்தரமாக இயலாமல் போனவர்கள் ஆகியோருக்கு விதிவிலக்கு உண்டு. தொழிலை மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை.

பணிக்கொடை விஷயத்தில் நம்பிக்கை தலைகீழ். தானாக விலகினால் ஒன்றும் கிடைக்காது என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் முடித்த மாதச் சம்பளக்காரர், தானே விலகினாலும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பெற உரித்துடையவர். நான்கு ஆண்டும் பத்து மாதமும் முடித்துவிட்டுக் கடிதம் கொடுக்கப் போகிறவரைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துவேன். இந்தக் கணக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் போடப்படுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. பத்து ஆண்டு வேலை செய்தவர் அதே கொம்பனியில் குறைந்த சம்பளத்துக்கு வேறு பிரிவுக்கு மாறினால், கழிந்த பத்து ஆண்டுகளின் மதிப்பும் சேர்ந்து இறங்கும். நம் உதாரணத்தில் 1,250,000 ரூபா 750,000 ஆகிவிடும். மாறுமுன்பே இதை எழுத்தில் பேசி முடிக்கவேண்டும்.

லீவு விஷயத்திலும் புதிய இடத்தில் சேரும் மாதத்தைப் பார்க்கவேண்டும். கடை, கந்தோர் ஊழியர் சட்டத்தின்படி மார்ச் முடிவதற்குள் சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவு. ஏப்ரலில் சேர்ந்தால் 10 நாள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அந்த நான்கு நாள் பெரிது.

“இருக்கிற இடத்தில் இருந்தால் பயமில்லை.”

2022ஐ இவ்வளவு சீக்கிரம் மறக்க முடியுமா? அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். சம்பளம் உயராமல் அதே கதிரையில் இருந்தவரின் காசு, முந்திய ஆண்டு வாங்கியதில் 59 சதவீதப் பொருளைத்தான் வாங்கியது. யாரும் கடிதம் கொடுக்காமலே நடந்த சம்பளக் குறைப்பு அது. ஒரே இடத்தில் இருப்பதற்கும் விலை உண்டு என்பதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

“படித்த படிப்பெல்லாம் வீண்.”

இந்தச் சொல் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞான ஆசிரியராக இருந்து, துறவியாகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழர் யாழின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து காட்டியிருக்கிறார். விஞ்ஞானம் படிக்காத ஒருவர் அந்த நூலை அப்படி எழுதியிருக்க முடியாது. துறவியின் வரவு செலவு குடும்பக்காரருக்கு வழிகாட்டியல்ல என்பது சரி. ஆனால் பதினைந்து ஆண்டு பேரேடு பார்த்தவர் கணக்கு மென்பொருளைச் சோதிக்கப் போனால், எந்த இடத்தில் பிழை வரும் என்று பட்டதாரிப் பையனுக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்க நம்பிக்கையும் உண்டு: ஆசைப்பட்டதைச் செய், காசு பின்னால் வரும். சொல்பவர்கள் ஜெஃப்ரி பாவாவைக் காட்டுவார்கள். சட்டத்தரணியாக இருந்தவர், 1957இல் 38ஆவது வயதில் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்று உலகப் புகழ் அடைந்தார். உண்மைதான். ஆனால் அவர் 1948இலேயே பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கா தோட்டத்தை வாங்கக்கூடிய வசதியோடு இருந்தவர். மாத வாடகையும் சீட்டுக் காசும் கட்டுகிற வீட்டுக்கு அவர் கதையை அப்படியே சொல்வது அநியாயம்.

அந்த வீட்டுக்கு நான் சொல்வது ஒன்று. வேலையை விடுவதற்கு முன் ஆறு மாதம் புதிய சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள். சம்பளம் வந்த அன்றே 84,000 ரூபாவை வேறு கணக்கில் போடுங்கள். வாடகை, பள்ளிக்கூட வான், டியூஷன், அடகு வட்டி எல்லாம் 138,000க்குள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்கினால் ஆறாம் மாத முடிவில் 504,000 ரூபா கையில் இருக்கும். புதிய வேலையின் முதல் ஆறு மாதத் துண்டை அதுவே அடைக்கும். மூன்றாம் மாதமே அந்தக் கணக்கில் கைவைக்க நேர்ந்தால் விலகும் நாள் இன்னும் வரவில்லை. வங்கியில் வேலை செய்கிறவர், ஊழியர் கடனின் சலுகை வட்டி விலகிய பின் என்னவாகும் என்றும் விசாரிக்கவேண்டும். புதிய சம்பளம் எந்த மாதத்தில் மீளாய்வு செய்யப்படும் என்று கடிதத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உழைப்பவர் ஒருவர்தான், நகை அடகில், மோட்டார் சைக்கிள் லீசிங் இரண்டு ஆண்டு பாக்கி என்ற நிலையில் என்னைக் கேட்டால், இப்போது போகாதீர்கள் என்றே சொல்வேன். அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். மின்வேலையோ சமையலோ தையலோ, அனுபவத்தால் கற்ற தொழிலுக்கு, வகுப்புக்குப் போகாமலே முன்கற்றல் மதிப்பீட்டின் மூலம் என்.வி.கியூ. சான்றிதழ் பெற வழி இருக்கிறது. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை அதைச் செய்கிறது. அதற்கு விண்ணப்பிக்க இருக்கிற வேலையை விடவேண்டியதில்லை.