பிள்ளை வழக்கும் மேல் முறையீடும்

“கோர்ட்டில் தீர்ப்பான பிறகு மேலே போவது அல்லாஹ்வின் விதியை எதிர்ப்பதாகுமா, ஹஜ்ரத்?” என்று ஒரு மூதாட்டி நம்மிடம் கேட்டார். மகள் மவுத்தாகிவிட்டார். நான்கு வயதுப் பேரனை மருமகன் அழைத்துப் போய்விட்டார். அக்கம்பக்கத்தார் விதியைச் சொல்லி அம்மையாரைத் தடுத்திருக்கிறார்கள்.

இது பிழையான எண்ணம். தாய்க்குப் பின் பிள்ளையை வளர்க்கும் உரிமை, ‘ஹளானத்’, தாயின் தாய்க்கு உண்டென்பதே ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளின் சட்டம். உமர் (ரலி) அவர்கள் குபாவில் விளையாடிக் கொண்டிருந்த தம் மகன் ஆஸிமைத் தூக்கி வாகனத்தில் வைத்தபோது, பிள்ளையின் பாட்டி குறுக்கிட்டார். வழக்கு கலீபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. தீர்ப்பு பாட்டியின் பக்கமே ஆயிற்று. உமர் (ரலி) மறுபேச்சுப் பேசவில்லை. முவத்தாவில் இது பதிவாகியுள்ளது.

சரி, ஒருவர் தீர்த்ததை மற்றொருவர் மாற்றலாமா? புகாரி, முஸ்லிமில் வரும் செய்தியைக் கவனியுங்கள். இரு பெண்களில் ஒருத்தியின் பிள்ளையை ஓநாய் தூக்கிச் சென்றது. எஞ்சிய பிள்ளைக்கு இருவரும் உரிமை கோரினர். தாவூத் (அலை) மூத்தவளுக்குத் தீர்ப்பளித்தார்கள். இருவரும் சுலைமான் (அலை) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் கத்தி கேட்டார்கள், பிளந்து பங்கிடுவதாக! “வேண்டாம், அது அவளுடையதே” என்று பதறிய இளையவளுக்கே பிள்ளை கிடைத்தது. ஒரு நீதிபதி, தம்மை ஒத்தவர் அல்லது தம்மினும் மேலானவர் அளித்த தீர்ப்பை மாற்றுவது என்றே இமாம் நஸயீ இதற்குத் தலைப்பிட்டுள்ளார்கள். முதல் விசாரணையில் வெளிப்படாத தாய்மையைச் சுலைமான் (அலை) வெளிக்கொணர்ந்தார்கள் என்பதே இதில் நுட்பம். மருமகன் மீதுள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்ள மேலே போவதை நாம் ஆதரிக்கவில்லை. பிள்ளையின் நலனைக் காட்டும் சான்றுடன் போக வேண்டும். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் அந்த நலனையே பார்க்கச் சொல்கிறது.

நம் நாட்டில் குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் மீது ஹைகோர்ட்டுக்கு அப்பீல் உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி கெடு 30 நாட்கள். இரு நீதிபதிகளுக்குக் குறையாமல் அமர்ந்து கேட்பார்கள். ஆனால் இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பின் மீது இந்த அப்பீல் கிடையாது. எனவே தாய்மார்களே, சமாதானப் பத்திரம் என்று யார் நீட்டினாலும், முழுதும் வாசிக்கக் கேளாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடாதீர்கள்.

அம்மையார் எதிலும் கைநாட்டு வைத்திருக்கவில்லை. நகலில் தேதியைப் பார்த்தோம். இன்னும் பதினொரு நாட்கள் இருந்தன. அன்றே வக்கீலிடம் அனுப்பி வைத்தோம்.