பிரதியா ஹாலுக்குச் சோறு போட்டவர் யார்?

அன்பு மகளே,

சபை மாத இதழில் வந்த உன் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பிரசங்கி பிரதியா ஹாலைப் பற்றித் தமிழில் எழுத ஒரு பெண் முன்வந்தாளே, அதுவும் இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே என்று முதலில் ஸ்தோத்திரம் சொன்னேன். இனி திட்டு.

‘கிங்குக்குக் கனவைக் கொடுத்தவள்’ என்று தலைப்பு வைத்திருக்கிறாய். ஜார்ஜியா மாநிலத்தின் சாஸர் ஊரில் எரிக்கப்பட்ட மவுண்ட் ஆலிவ் ஆலயம், 1962 செப்டம்பரில் அங்கே நடந்த ஜெபக் கூட்டம், ஹாலின் ஜெபத்தில் திரும்பத் திரும்ப வந்த கனவு, அதைக் கேட்டு நின்ற மார்ட்டின் லூதர் கிங், கிங்கின் சகா ஜேம்ஸ் பெவெல் பிற்காலத்தில் சொன்ன சாட்சி எல்லாம் வந்திருக்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் ராக்கி மவுண்டிலும் 1963 ஜூனில் டெட்ராய்ட்டிலும் கிங் அந்தக் கனவைப் பேசிப் பார்த்த விவரத்தைக்கூட விடவில்லை. உழைத்திருக்கிறாய், மறுக்கவில்லை. ஆனால் கட்டுரையில் முக்கால் பங்கு இதற்கே போய்விட்டது. பத்திர ஆபீசில் வில்லங்கச் சான்றிதழோடு நிற்கிறவள் மாதிரி ‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற அந்த ஒரு வாக்கியம் யாருக்குச் சொந்தம் என்று வாதாடிக்கொண்டிருக்கிறாய்.

அப்போது ஹாலுக்கு இருபத்திரண்டு வயது. அதன் பிறகு நாற்பது வருஷம் உயிரோடு இருந்தாரே, அதை என்ன செய்தாய்? பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம்வரை படித்தது, பிலடெல்பியாவில் தகப்பனார் தொடங்கிய மவுண்ட் ஷாரன் சபைக்கே போதகராகத் திரும்பியது, பெண்ணுக்குப் பிரசங்க மேடையா என்று முகம் சுளித்த பாப்டிஸ்ட் ஆண்கள் நடுவே பிரசங்கித்தது, 1997-ல் எபனி இதழ் தலைசிறந்த கறுப்பினப் பெண் பிரசங்கிகளை வரிசைப்படுத்தியபோது முதல் இடத்தில் நின்றது, 2002-ல் இறந்தது எல்லாம் உன் கட்டுரையில் ஆறே வரி. ‘விடுதலை விசுவாசம்’ என்று அவர் காலமெல்லாம் பேசினாரே, அதற்கு ஒரு வரிகூட இல்லை. கிங்கிடமிருந்து அவரை மீட்கக் கிளம்பிய நீயே அவரைத் திரும்பவும் கிங்கின் சட்டைப்பையில் செருகிவிட்டாய். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் சபைகளிலும் ஒரு பெண் நன்றாகப் பிரசங்கம் பண்ணினால், எந்தப் போதகரிடம் கற்றாள், யாருடைய மகள் என்றுதான் கேட்பார்கள். நீயும் அப்படிக் கேட்கலாமா?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்த ஜெபக் கூட்டத்தை விவரிக்கும் பத்தியில், தீயைப் பற்றியோ தீ வைத்தவனைப் பற்றியோ தொடங்காமல், உட்கார பெஞ்சு இல்லாமல் நிற்கிற சனங்களிலிருந்து தொடங்குகிறாய் பார், அது பெரிய எழுத்து. எங்கள் தலைமுறையில் ஒருத்தருக்கும் இது வராது. எங்களுக்கு எரிகிற ஆலயம் கிடைத்தால் தானியேல் புத்தகத்து அக்கினிச் சூளைவரை போய்விட்டுத்தான் வருவோம். உரக்க வாசித்தேன். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு அவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அடுத்த பக்கத்தில் ‘டாசன் ஊரில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது குண்டுகள் பாய்ந்தன’ என்று எழுதுகிறாய். ‘ஒரு வீட்டில்’! யார் வீடு? கேரலின் டேனியல்ஸ் என்று ஒரு பெண்மணியின் வீடு அது. அழகு நிலையம் வைத்திருந்தவர். வாக்குரிமைக்காக வந்த பிள்ளைகளுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்தார். 1962-ல் அந்த வீட்டைச் சுட்டார்கள். ஹாலும் உடன் இருந்த இரண்டு இளைஞர்களும் காயம்பட்டார்கள். அடுத்த வருஷம் அதே வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள். ஹால் வேலை பார்த்த மாணவர் அமைப்பு ஊழியர்களுக்குக் கொடுத்தது வாரத்துக்குப் பத்து டாலர். அதை வைத்துக்கொண்டு எந்த ஊரில் குடியிருப்பாய்? பருத்திக் காட்டில் கூலி வேலை செய்கிறவள் இடம் கொடுத்தால் மறுநாள் வேலை போகும். வெள்ளைக்கார வீட்டில் சமைக்கிறவளுக்கும் அதே கதி. கறுப்புப் பெண்களின் தலைமுடியைச் சீவி, அவர்கள் தருகிற காசில் வாழ்ந்த அழகு நிலையக்காரியை எந்த முதலாளியும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. தெற்கில் எத்தனையோ ஊர்களில் அழகு நிலையங்கள் போராட்டத்தின் அறைகளாக மாறியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தியாகம், தைரியம் என்று பக்கம் நிரப்புகிறாயே, அந்தத் தைரியத்துக்கு வாடகை கட்டியது எது என்று கேட்கமாட்டாயா?

என் பழைய பாட்டைத் தொடங்கிவிட்டேன் என்று சிரிக்கிறாய், தெரியும். ஊழியக்காரியைப் பற்றி எழுதுகிற எவரும் அவள் பயணச்சீட்டை யார் வாங்கினார்கள் என்று எழுதவேண்டும். இதை நான் விடமாட்டேன். கறுப்பினப் பிரசங்கி ஜரீனா லீ ஒரு போதகரின் பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்ற கதை நம் இருவருக்கும் தெரியும், அதை விடு. அவர் 1836-ல் தன் வாழ்க்கை வரலாற்றை 38 டாலர் செலவில் ஆயிரம் பிரதி அச்சடித்து, முகாம் கூட்டங்களிலும் தெருவிலும் தானே விற்றது எத்தனை பேருக்குத் தெரியும்? ஓராண்டில் 2,325 மைல் அலைந்து 178 பிரசங்கம் செய்த கணக்கையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். செலவு எழுதத் தெரிந்த பெண் அவர். அவருடைய சபை 2016-ல்தான், அவர் செத்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. பட்டத்துக்கு இனி படிக்காசு கேட்கமாட்டார் அல்லவா.

அமண்டா ஸ்மித்தை எடுத்துக்கொள். அடிமையாகப் பிறந்தவர். தகப்பனார் இரவில் விளக்குமாறு கட்டி விற்ற காசில் குடும்பத்தின் விடுதலையை விலைக்கு வாங்கினார். மகள் நியூயார்க்கில் துணி வெளுத்து, இஸ்திரி போட்டுக்கொண்டே ஜெபிக்கக் கற்றார். 1872-ல் நாஷ்வில்லில் நடந்த சபைப் பொது மாநாட்டுக்குப் போக எவ்வளவு ஆகும் என்று ஒரு சகோதரரிடம் கேட்டபோது, கையில் நிறையப் பணம் இல்லாதவள் அங்கே வந்து பிரயோசனமில்லை என்கிற மாதிரி பதில் வந்தது. பெண்களுக்குப் பட்டம் கேட்கத்தான் வருகிறாள் என்று அவர்களுக்குச் சந்தேகம். அவர் போனார். பிற்பாடு இங்கிலாந்து, அங்கிருந்து 1879-ல் நம் நாட்டுக்கே கப்பலேறி வந்து பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிரசங்கித்தார். பட்டம் என்று ஒன்று அவருக்குக் கடைசிவரை இல்லை.

வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் 1962-ல் வாக்காளராகப் பதியப் போனதற்கு அன்றைக்கே தோட்டத்து வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். பதினெட்டு வருஷம் வேலை செய்த தோட்டம் அது. பின்னாளில் அவர் பன்றி வங்கி ஒன்றைத் தொடங்கியது இந்த நினைப்பினால்தான் என்று நான் நம்புகிறேன். குடும்பத்துக்கு ஒரு சினைப் பன்றி. ஈன்ற குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கும் அவர் பாடிய பாட்டைத்தான் சொல்கிறார்கள், பன்றியைச் சொல்ல நம் பிரசங்கிமாருக்கு வாய் கூசுகிறது. பசித்தவன் வாக்களிக்கப் போனால் வெள்ளைக்காரன் சோற்றைக் காட்டி மிரட்டுவான் என்று தெரிந்த பெண்ணின் இறையியல் அந்தத் தொழுவத்தில் இருக்கிறது.

நம் ஊரிலும் கணக்கு இதேதான். சின்ன வயதில் எங்கள் சபைச் சேகரத்தில் பைபிள் அம்மா ஒருவர் இருந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, மடியில் சுருக்குப் பை. தேரிக்காட்டு மணலில் ஊர் ஊராக நடப்பார். எழுத்து தெரியாத பெண்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சங்கீதம் சொல்லிக்கொடுப்பார். சில தெருக்களில் அவருக்குத் திண்ணைகூடக் கிடையாது, முற்றத்தோடு சரி, டம்ளரும் தனி. அப்படி நிறுத்தியவர்களும் நம் சபையார்தான். ஞாயிற்றுக்கிழமை அதே பெண்கள் ஒரே பாய் வரிசையில் முழங்காலிடுவார்கள். அவர் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் கேட்பது, “சாப்பிட்டீங்களா அக்கா?” பல நாள் இல்லை என்றுதான் பதில். அவருடைய சம்பளம் உபதேசியார் சம்பளத்தில் பாதிகூட இல்லை என்பது நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1976-ல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியபோது ஊரெல்லாம் அதே பேச்சு. அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பிள்ளைகளுக்குக் குடியிருக்க வீடு கொடுப்பார்களா?

இதனால்தான் உன் கடைசிப் பத்தி என்னை எரிச்சல்படுத்தியது. ‘அங்கே நிறம், இங்கே சாதி’ என்று ஒற்றை வரி போட்டு முடித்துவிட்டாய். ஆமென் வாங்குகிற வரி அது, கன்வென்ஷன் பந்தலில் கை தட்டுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை வைத்திருக்கிறவனும் சேர்ந்து தட்டுவான். ஒன்று, அதை வெட்டிவிட்டு முழுக்க ஜார்ஜியாவிலேயே நில். அல்லது நம் ஊரை எழுதுவதாக இருந்தால் ஒரு சேகரம், ஒரு பெண், அவளுடைய சம்பளக் கவர் என்று இறங்கி எழுது.

இரண்டாவதைச் செய்வாய் என்றால், பழைய பைபிள் அம்மாமார் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், விலாசம் தருகிறேன். ஒருவருக்குக் காது மந்தம், கிட்டே உட்கார்ந்து பேசு. மற்றவரிடம் தரிசனம், அழைப்பு என்று கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார், கேட்டுக்கொள். பென்ஷனைப் பற்றிக் கேட்டால் கோபப்படுவார். அப்படியும் கேள்.

அன்புடன்,
உன் பெரியம்மா