எண்பதைத் தாண்டியவரை இளைக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள இளம் டாக்டருக்கு,

கிளினிக் திறந்த கொஞ்ச நாளிலேயே வயதானவர்கள் கூட்டம் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். அவர்களுக்கு எழுதும் சீட்டில் "எடையைக் குறைக்கவும்" என்ற வரியை மட்டும் யோசித்து எழுதுங்கள். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அது மருந்து. எண்பத்தைந்து வயதுப் பாட்டிக்குப் பெரும்பாலும் கெடுதல்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும், நாம் படித்த பிஎம்ஐ கணக்கு நடுவயதுக்கானது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்கிறோம். ஆனால் 65 வயதைக் கடந்த ஏறக்குறைய 1,98,000 பேரின் விவரங்களைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், 23-க்குக் கீழே இறங்க இறங்க மரண அபாயம் ஏறியது. 24-க்கும் 30-க்கும் இடையில் இருந்தவர்களுக்கே அது குறைவு. கலிஃபோர்னியாவில் தொண்ணூறு தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் கிளாடியா காவாஸ் குழுவினரும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். இவை பெரும்பாலும் மேலைநாட்டு உடம்புகள். அந்த எண்களை நம் ஊர்த் தாத்தாவுக்கு அப்படியே ஒட்டவைக்க வேண்டாம். போக்கு எதுவென்று தெரிந்துகொண்டால் போதும்.

கொழுப்புதான் ஆயுளைக் கூட்டுகிறது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். புற்றுநோய், டிபி, இதயச் செயலிழப்பு எல்லாமே கண்ணில் படுவதற்கு முன்பே ஆளை இளைக்க வைப்பவை. ஒல்லியானவர்களின் மரணத்தில் ஒரு பங்கு அந்த நோய்களுடையது. இன்னொரு பங்கு கையிருப்பு இல்லாததால். நிமோனியாவில் படுத்து, சோறு இறங்காமல் கிடக்கும் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்கிறது. கரைக்க ஒன்றும் இல்லாதவர் எழுந்திருப்பதில்லை.

"வயசானா இளைக்கத்தானே செய்யும் டாக்டர்" என்பார் கூட வந்த மகன். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு மாதத்தில் 60 கிலோ 57 ஆனால், காரணம் தேடியே ஆகவேண்டும். பழைய எடை தெரியவில்லையா? வளையல் முழங்கைப் பக்கம் ஏறுகிறதா, மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறதா, பேசும்போது பல்செட் ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு டேப்பால் கெண்டைக்காலை அளந்து பாருங்கள். ஆசிய வரையறைப்படி ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் தசை வற்றுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் அளவு ஏமாற்றும். முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள். கூன் விழுந்தவரின் உயரம் குறைவதால் பிஎம்ஐயும் பொய் சொல்லும். பருத்த உடம்புக்குள்ளும் தசை வற்றியிருக்கலாம்.

இளைப்புக்குக் காரணம் தேடி ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன் மருந்துப் பையைக் கொட்டச் சொல்லுங்கள். சர்க்கரை மருந்துகளில் மெட்ஃபார்மின் பசியைக் கெடுக்கும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையோடு எடையையும் சிறுநீரில் கொண்டுபோகும். அடுத்து, மெல்ல முடிகிறதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அதன்பின், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். மனைவி போனபிறகு டீயில் பன்னை நனைத்து ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் தாத்தாக்கள் எத்தனை பேர்!

எப்போதோ யாரோ எழுதிக்கொடுத்த சர்க்கரை டயட் சார்ட்டை இன்னும் வேதமாகப் பிடித்திருப்பார்கள். எடுத்துவிடச் சொல்லுங்கள். நலிந்த முதியவருக்கு எச்பிஏ1சி 8-ஐ ஒட்டி இருந்தாலே போதும். ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ பாட்டிக்கு 50, 60 கிராம். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சாதம், ராத்திரி இரண்டு இட்லி என்றால் அதில் பாதிகூடத் தேறாது. முட்டை, தயிர், மீன், மசித்த சுண்டல் என்று எது இறங்குமோ அதைச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்குக் கணக்கு வேறு. கூடவே, நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் வேண்டும். சாப்பாடு மட்டும் தசை ஆகாது.

மூட்டு தாங்காத அளவுக்குப் பருத்தவர்களும் வருவார்கள். அவர்களுக்கும் பட்டினி வேண்டாம், பயிற்சியோடு மெதுவாகக் குறையட்டும்.

முதியவர் யார் வந்தாலும், வெறும் சளிக்கு வந்தாலும், செருப்பைக் கழற்றச் சொல்லி எடை பாருங்கள். தேதியோடு அவர் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள். அடுத்த முறை அவரைப் பார்ப்பது நீங்களாக இல்லாவிட்டாலும், அந்த டாக்டருக்கு உதவும்.