எந்த மங்களூர்?
(இணையத்தில் உலவுவோர்க்கும் விளையாடுவோர்க்கும் சில நடைமுறைக் குறிப்புகள்)

நம் ஊரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்த மாணவியர் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பீர்கள். "மங்களூர்" என்று தட்டியவுடன் அரபிக்கடலும் துறைமுகமும் விமான நிலையமும் திரையில் வந்து நிற்கும். அது கர்நாடக மாநிலத்து மங்களூர். 2014-ம் ஆண்டு நவம்பர் 1-ம் நாள் முதல் அதன் அரசாங்கப் பெயர் மங்களூரு என்று மாறிவிட்டது. ஆயினும் தமிழில் பழைய பெயரே வழங்கி வருகிறது. விருத்தாசலம் பக்கத்தில், கடலூர் மாவட்டத்தில், ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த நம் மங்களூரைக் காண வேண்டுமானால் தேடலில் "கடலூர் மாவட்டம்" என்று சேர்த்துத் தட்ட வேண்டும். அப்படியும் மற்றது குறுக்கிட்டால், கர்நாடகா என்னும் சொல்லுக்கு முன் இடைவெளியின்றி ஒரு கழித்தல் குறியை இடுங்கள். அந்தச் சொல் உள்ள பக்கங்களைத் தேடுபொறி ஒதுக்கிவிடும். இரண்டு மூன்று சொற்கள் அதே வரிசையில் வேண்டுமானால் அவற்றை மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடுங்கள். இக்காலத்தில் தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கம் ஒன்றும் வருகிறது. அது இரண்டு ஊர்களையும் கலந்து ஒரே ஊராக்கிவிடக் கூடும். ஆதலின் கட்டுரைப் போட்டிக்குக் குறிப்பெடுப்போர் கீழே உள்ள மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்த பின்னரே எழுத வேண்டும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் இணையப் பாடம் முழுவதற்குமான திறவுகோல் ஒன்று இருக்கிறது.

மங்களூருக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம். முதல் வரியில் பெயர், பிறகு தெரு, ஊர், மாவட்டம், கடைசியில் அஞ்சல் குறியீட்டு எண். 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் நாள் நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்க எண் தமிழ்நாட்டு ஊர்களுக்கு 6-லும் கர்நாடக ஊர்களுக்கு 5-லும் தொடங்குகிறது. ஊரின் பெயரை எத்தனை பெரிய எழுத்தில் எழுதினாலும் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது கடைசி வரிதான். இணைய முகவரியும் அவ்வாறே. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த பெயர் முறைப்படி, சிறியது முதலிலும் பெரியது கடைசியிலும் வரும். நடுநடுவே புள்ளி. வலப்பக்கத்து வால்தான் உண்மையான உரிமையாளரைக் காட்டும். இடப்பக்கத்துத் தலையில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக் கொள்ளலாம்.

ஏமாற்றுக்காரர்கள் செய்வதெல்லாம் இதுதான். முகவரியின் தொடக்கத்தில் நம் வங்கியின் பெயரை அப்படியே வைப்பார்கள். நாமும் முதல் சொல்லைப் படித்துவிட்டு "ஆம், நம் வங்கிதான்" என்று இரகசிய எண்ணைத் தட்டிவிடுவோம். வாலைப் பார்த்தால் அது முன்பின் கேள்விப்படாத வேறொன்றாக இருக்கும். ஆகவே முகவரியைப் படிக்கும் முறையைத் தெரிந்து கொள்ளுங்கள். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு ஒன்று இருக்கும். அதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பிப் படியுங்கள். அரசாங்கத் தளமானால் அந்த இடத்தில் "கவ் டாட் இன்" என்று முடிந்திருக்கும். அந்த வால் அரசு அலுவலகங்களுக்கன்றிப் பிறர்க்குக் கிடைக்காது. வங்கிகளுக்கும் இப்போது தனி வால் உண்டு. 2025-ம் ஆண்டு அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் "பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருந்தது. கைபேசியில் முகவரி பாதிதான் தெரியும். அதன்மேல் ஒரு முறை தொட்டால் முழுதும் விரியும்.

பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்பர். அந்தப் பூட்டு, நமக்கும் எதிரே இருப்பவர்க்கும் நடக்கும் பேச்சை நடுவிலுள்ளவர் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. எதிரே இருப்பவர் யோக்கியரா என்பதைச் சொல்லாது. திருடனோடும் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாமல்லவா?

இனி விளையாட்டுக்கு வருவோம். நம் மாணவியருள் கைபேசியில் விளையாடுவோர் (யாரும் இல்லையென்று சொல்ல வேண்டாம், விடுமுறை முடிந்து வரும்போது கண்களே சொல்லிவிடுகின்றன) அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "வேகமான திட்டம்தான் போட்டிருக்கிறோம், ஆனாலும் ஆட்டம் இழுக்கிறது" என்பதே அது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

நாம் அழுத்திய செய்தி விளையாட்டு நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, பதில் திரும்பி வர ஆகும் நேரத்தைப் "பிங்" என்கிறார்கள். அதை மில்லிநொடியில், அஃதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-ல் இடப்பட்ட கண்ணாடி இழை வடம் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ளது. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, கண்ணாடிக்குள் ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டரே செல்லும். 3,200-ஐ 2 லட்சத்தால் வகுத்தால் போவதற்கு 16 மில்லிநொடி, வருவதற்கு 16, ஆக 32. உங்கள் வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த திட்டம் போட்டாலும் இந்த 32-ஐக் குறைக்க இயலாது. விருத்தாசலம் சாலையை அகலப்படுத்தினால் ஒரே நேரத்தில் நிறைய வண்டிகள் போகலாம். விருத்தாசலம் கிட்டே வந்துவிடாது. ஐரோப்பாவிலுள்ள கணினியைத் தேர்ந்தெடுத்திருந்தால் 75-க்குக் குறைய வழியே இல்லை. நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். ஆகவே விளையாட்டின் அமைப்புப் பகுதியில் "சர்வர்" அல்லது "ரீஜன்" என்ற இடத்தைப் பார்த்து, இந்தியா இருந்தால் அதையும் இல்லையேல் சிங்கப்பூரையும் தேர்ந்தெடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

விளம்பரத்தில் வரும் "100 எம்.பி.பி.எஸ்." என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு இறங்குவது பன்னிரண்டரை மெகாபைட் மட்டுமே. 1,000 மெகாபைட் உள்ள விளையாட்டு இறங்க 80 நொடி ஆகும். அதுவும் அண்ணன் அடுத்த அறையில் படம் பார்க்காமலிருந்தால்! வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போதோ இறக்கும்போதோ மற்றவரின் பிங் ஏறிவிடுவது இயல்பு. விளையாடும் நேரத்தில் புகைப்படங்கள் தாமாக மேலே ஏறுவதையும் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக் கொள்வதையும் நிறுத்தி வைத்தால் போதும்.

வைஃபை பெட்டியைப் பீரோவின் பின்னால் ஒளித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரும்பு வானொலி அலையைத் தடுக்கும். கூடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். பெட்டி இரண்டு பெயர்களைக் காட்டினால், 5 கிகாஹெர்ட்ஸ் என்பது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும், 2.4 என்பது மெதுவானது, ஆனால் சுவர் கடந்து வரும். ஒரே அறையில் இருப்பவர் முன்னதையும், பின்கட்டில் இருப்பவர் பின்னதையும் கொள்க.

இங்கே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு செய்தி. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்பெற்ற ஊர். இணையத்துக்கும் பீங்கானுக்கும் என்ன உறவு என்று நினைப்பீர்கள். கண்ணாடி இழையின் நடுவே ஒளி செல்லும் பகுதி 9 மைக்ரான் அகலமே உள்ளது. தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். இரண்டு இழைகளை இணைக்கும்போது இந்த நுண்ணிய பகுதிகள் நேருக்கு நேர் வந்து பொருந்த வேண்டும். அதற்காக இணைப்பியின் முனையில் வைத்திருக்கும் சிறு வெள்ளைக் குழல், சிர்கோனியா என்னும் பீங்கான் வகையால் செய்யப்பட்டது. அதைத் துல்லியமாகக் கடைந்தெடுக்கலாம். சூட்டிலும் குளிரிலும் எளிதில் உருமாறாது. மின்கம்பத்தில் மின்சாரத்தைத் தடுத்து நிற்கும் பீங்கான், இங்கே ஒளிக்கு வழிவிடுகிறது. கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966-ல் எடுத்துக் காட்டிய சார்லஸ் காவ் என்பவர்க்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டுக்கு வரும் இழையைச் சுருட்டி மடக்கி ஆணியில் மாட்டாதீர்கள். கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். பெட்டியில் "எல்.ஓ.எஸ்." என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

"இலவச வைரங்கள் தருகிறோம்" என்று ஒரு பக்கம் வரும். விளையாட்டுக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். விளையாட்டை நடத்தும் நிறுவனம் தவிர வேறெவராலும் வைரம் தர முடியாது. 2020 செப்டம்பரில் பப்ஜியும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் இந்நாட்டில் தடை செய்யப்பட்டன. அத்தகைய வேளைகளில்தான் "இதோ அதே விளையாட்டு" என்று கண்ட இடத்திலிருந்து கோப்பை இறக்கிக் கொள்ளும் ஆசை பிறக்கிறது. அப்படி இறங்கிய செயலி அப்பாவின் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால், அது ஆட ஒன்றும் வரவில்லை என்பதை உணர்ந்து உடனே நீக்கிவிடுங்கள். பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களோ, 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டத்தால் அடியோடு தடுக்கப்பட்டவை. அவற்றைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை.

பணம் பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன். யு.பி.ஐ. இரகசிய எண் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகவும், இருப்பைப் பார்க்கவும்தான் வேண்டும். பணம் நமக்கு வருவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. "பரிசு விழுந்திருக்கிறது, எண்ணைப் போட்டுப் பெற்றுக் கொள்ளுங்கள்" என்று எவரேனும் சொன்னால், பணம் எந்தப் பக்கம் போகப் போகிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். இதை வீட்டில் பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.

கடவுச்சொல்லாகப் பிறந்த நாளை வைப்போர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். எட்டு இலக்க எண்கள் மொத்தம் 10 கோடி. ஆனால் 75 ஆண்டுகளில் உள்ள நாட்கள் சுமார் 27,000-தான். கணினி அவற்றை ஒரு நொடிக்குள் எண்ணி முடிக்கும். தொடர்பில்லாத நாலைந்து சொற்களை அடுக்கி நீளமாக வைப்பதே மேல். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மட்டும் வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். மற்ற எல்லாக் கணக்கின் சாவியும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வந்து சேருகிறது.

கடைசியாக, எழுதத் தயங்கினாலும் எழுதியே ஆக வேண்டிய ஒன்று. விளையாட்டின் அரட்டையில் பழகிய ஒருவர், தாமும் பள்ளி மாணவி என்று சொல்லிக்கொண்டு, ஒரு புகைப்படம் கேட்கக் கூடும். எழுத்தும் படமும் மட்டுமே தெரியும் இடத்தில் எதிரே இருப்பவரின் வயதையோ ஊரையோ அறிய வழியில்லை. அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்ட பின் மிரட்டல் வந்தாலோ, அன்றே அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சகோதரியரிடமோ சொல்லுங்கள். மிரட்டுபவனுக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுத்தால் அவன் நிறுத்த மாட்டான், மீண்டும் கேட்பான். அச்சத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சி. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படியும் குற்றவாளி அவனே. "டேக் இட் டவுன்" என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. அதில் நம் படம் கைபேசியை விட்டு வெளியே போவதில்லை. படத்தின் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் போகும். அதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தத்தம் தளங்களில் அப்படம் தென்பட்டால் நீக்கிவிட அந்த எண் உதவுகிறது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பெண் வந்து சொன்ன அன்றே கைபேசியைப் பிடுங்கி, "இனி உனக்குப் படிப்பும் வேண்டாம்" என்று சொன்ன வீடுகள் உண்டு. அந்த வீட்டில் தங்கை அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள்; மிரட்டுபவன் எதிர்பார்ப்பதும் அந்த மௌனத்தைத்தான். முதலில் அவளை உட்கார வைத்துக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும் உண்டு. பணம் போயிருந்தால் 1930. போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் வங்கி அதை நிறுத்தி வைக்க வேண்டுமாகையால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே அழைக்க வேண்டும். அழைக்கும்போது வங்கிக் கணக்கு எண், பணம் போன தேதியும் நேரமும், தொகை, குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். பதற்றத்தில் எண்கள் நினைவுக்கு வாரா.