நம்பிக்கைகளும் உண்மைகளும்: மெலிந்தவருக்கு மாரடைப்பு வராதா?

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து இரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றின் வாசலில், விடிந்தும் விடியாததுமான வேளையில், வெறும் வயிற்றோடும் ஒரு பிளேன்ரீக்கான ஏக்கத்தோடும் வரிசையில் அமர்ந்திருப்போரின் சம்பாஷணையைச் செவிமடுத்தால், வைத்திய நூல்களில் காணக்கிடைக்காத சித்தாந்தங்கள் பலவற்றை அறிந்துகொள்ளலாம். சென்ற மாதம் நானும் அவ்வரிசையில் அமர்ந்திருந்தபோது, அரசாங்க இலிகிதராயிருந்து இளைப்பாறிய என் கொட்டாஞ்சேனை நண்பர், தமது மெலிந்த கையை நீட்டிக் காட்டி, "எனக்கென்ன ஐசே, கொழுப்பு எங்கை இருக்கு? இதெல்லாம் வண்டி வைச்ச ஆக்களுக்குத்தான். மகளின்ரை கரைச்சல் தாங்காமல் வந்தனான்" என்றார். அச்சிறு கூற்றுக்குள் நம் சமூகத்தின் பழைய நம்பிக்கைகள் இரண்டு பின்னிக் கிடப்பதை அவர் அறியார்.

கொழுப்பு என்பது, மிஞ்சிய உணவை வாங்கி வைத்துக்கொண்டு வாளாவிருக்கும் ஒரு மூட்டை என்பது முதலாவது. நெடுங்காலமாக வைத்தியக் கல்லூரிகளிலும் இதற்கு மேல் அதிகம் போதிக்கப்படவில்லையாதலால், பாமரரைக் குறை கூறுவது நியாயமன்று. 1994 ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்து ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனும் அவர் குழுவினரும் லெப்டின் என்னும் ஓமோனைக் கண்டறிந்து, அது கொழுப்புக் கலங்களிலேயே உற்பத்தியாகி, இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து, பசியை அடக்குகிறது என்பது வெளிப்பட்ட பின்னரே, கொழுப்பும் ஒரு சுரப்பிதான் என்னும் எண்ணம் ஸ்திரப்பட்டது. (அப்படியாயின் அதை ஊசியில் ஏற்றி உடம்பை இளைக்க வைக்கலாமே என்று கேட்பவர்க்கு ஒரு வார்த்தை: பருத்தவர் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுந்தே இருக்கிறது, மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.) இன்ரலூக்கின்-6 என்னும் அழற்சித் தூதும் கொழுப்பிலிருந்து புறப்பட்டு ஈரலைத் தூண்ட, ஈரல் தன் பங்குக்கு ஒரு புரதத்தை இரத்தத்தில் விடுகிறது, பரிசோதனைச் சிட்டைகளில் சி.ஆர்.பி. என்று அச்சாகி வருவது அதுவே.

இவற்றுள் விசித்திரமானது அடிபோனெக்டின். கொழுப்புக் கலங்களே சுரப்பதாயினும், கொழுப்புப் பெருகப் பெருக, அதிலும் வயிற்றறைக்குள் பெருகப் பெருக, இது குறைந்துகொண்டே போகிறது. இன்சுலினுக்குத் துணை நின்று, இரத்தக் குழாய்ச் சுவரின் அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது என்பதால், இது குறைவது விரும்பத்தக்கதன்று.

இனி, மெலிந்தவருக்குப் பயமில்லை என்னும் இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். நம்மவருக்கு இதைப் போல் அபாயகரமானது வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம். கொழுப்பு எவ்வளவு என்பதைக் காட்டிலும் எங்கே என்பதே பிரதானம். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் தங்குவது பெரும்பாலும் சாது, குடலையும் ஈரலையும் சூழ்ந்து தங்குவதோ துஷ்டன். பூனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும் இலண்டன் வைத்தியர் யட்கினும் 2004 ஆம் ஆண்டு லான்செற் சஞ்சிகையில் தம் இருவரையுமே திருஷ்டாந்தமாகக் காட்டிப் படம் வெளியிட்டனர். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே, 22.3, எவரும் பருமனானவர் என்று சொல்லமுடியாத அளவு. ஆனால் ஆங்கிலேயரின் சரீரத்தில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, இந்தியரின் சரீரத்தில் 21.2 பங்கு. தென்னாசியரின் இரத்தத்தில் அடிபோனெக்டின் ஐரோப்பியரினும் குறைவாயிருப்பதும் பல ஆய்வுகளில் தெரியவந்த சங்கதியே. இலங்கையையும் உள்ளடக்கிய இன்ரர்ஹார்ட் ஆய்வின் 2007 ஆம் ஆண்டு வெளியீட்டின்படி, முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தென்னாசியாவில் 53; பிற நாடுகளில் ஏறத்தாழ 59. இந்த ஆறு வருஷ வித்தியாசத்துக்குள் எத்தனை குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பும் கலியாணமும் அடங்கியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்டபின் என் நண்பர் மறு எல்லைக்குத் தாவிவிட்டார். "அப்ப அந்த அடிபோனெக்டினைப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிஞ்சு போகுமே!" இரத்தத்தைச் சாதகமாக்கிப் பலன் கேட்கும் இந்த ஆசை இப்போது படித்தவரிடையே வளர்ந்துவரும் புதிய நம்பிக்கை. அதற்கு ஆதாரமே இல்லையென்று சொல்லமாட்டேன். 2004 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான, சுகதேகிகளான 18,000க்கு மேற்பட்ட ஆடவரின் இரத்தத்தைச் சேமித்து வைத்து ஆறு வருஷம் கவனித்த ஆய்வொன்றில், அடிபோனெக்டின் மிகுந்தவருக்கு மாரடைப்புக் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் இரண்டு வருஷம் கழித்துப் பிரித்தானிய ஆடவரிடையே அதே சோதனையைச் செய்தபோது அச்சம்பந்தம் மிகப் பலவீனமாகவே தென்பட்டது. அதனினும் வியப்பு, 2005 இல் டென்மார்க்கிலிருந்து வந்தது: இருதயம் ஏற்கெனவே தளர்ந்துபோன நோயாளரிடையே, இந்த 'நல்ல' ஓமோன் அதிகமாயிருந்தவர்களே அதிகமாக மாண்டனர். சுகதேகிக்கு நன்னிமித்தமாயிருப்பது நோயாளிக்குத் துர்நிமித்தமாகிறது. ஆகவே தனியொரு இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வைத்தியரும் பலன் சொல்லத் துணியார். நம் அரசாங்க வைத்திய நிலையங்களில் அடுத்த பத்து வருஷத்து அபாயத்தைக் கணிக்க உபயோகிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை கேட்பது வயது, ஆணா பெண்ணா, பிரஷர், புகைப்பழக்கம், சீனி வியாதி, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றையே. லெப்டினும் அடிபோனெக்டினும் ஆராய்ச்சியாளர் மேசைக்குரியவை. அவற்றுக்காகப் பணத்தைச் செலவிடுவது இப்போதைக்கு வீண்.

வயிற்றறைக் கொழுப்பின் சேதியை அறியத் தையற்காரரின் நாடாவொன்று போதும். ஆனால் அளக்கவேண்டிய இடத்தை நம்மவர் அறியார். சாரத்தையும் காற்சட்டையையும் வண்டிக்குக் கீழே இறக்கிக் கட்டி, 'முப்பது வருஷமாய் என் இடுப்பளவு மாறவில்லை' என்று பெருமை பேசுவோர் எத்தனையோ பேர். கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, வெறும் உடம்பில், நாடாவைச் சமமாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் பார்க்கவேண்டும், வயிற்றை எக்கலாகாது. தென்னாசிய ஆடவருக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையென்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியவர், கையும் காலும் குச்சியாயிருப்பினும், பிரஷரையும் சீனியையும் கொலஸ்ட்ரோலையும் பார்ப்பித்துக்கொண்டு வைத்தியரிடம் போவதே முறை.

கொட்டாஞ்சேனை நண்பரை அன்று மாலையே அவர் வீட்டு விறாந்தையில் நிறுத்தி, மகள் கொண்டுவந்த நாடாவால் அளந்தோம். 94.